டிஸ்னி வேர்ல்டில் சாப்பிட டேபிள் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் விமானம், ஹோட்டல், நுழைவு டிக்கெட் எல்லாம் முடித்துவிட்டு அப்பாடா என்று உட்காரும் நேரத்தில்தான் யாராவது "சாப்பிட டேபிள் புக் பண்ணியாச்சா?" என்று கேட்பார்கள். அங்கே தொடங்குகிறது தலைவலி. நான், கணவர், அம்மா, தங்கை, அவள் கணவர், நான்கு வயதுப் பெண், ஒரு வயதுப் பையன் என்று ஏழு பேர் போனபோது இந்த வேலை முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அங்கே போகத் திட்டமிட்ட தோழிகளும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை என் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு அவதி? போய்ப் பார்த்துக்கொள்ளலாமே?

சாதாரண ஊராக இருந்தால் அப்படித்தான். ஆனால் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் பசிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் இருப்பதோ குறைந்த இடங்கள். அதிலும் மிக்கி, இளவரசிகள் போன்ற கதாபாத்திரங்கள் டேபிளுக்கே வந்து குழந்தைகளோடு பேசும் உணவகங்கள் வெகு சில. குழந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். இவ்வளவு போட்டியும் சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை, குழந்தை முகத்தில் அந்த ஒரு நிமிடம் தெரியும் சந்தோஷத்துக்குத்தான். அது தெரிந்ததால்தான் நமக்கும் பதற்றம். அதை யாரும் அற்பம் என்று சொல்ல நான் விடமாட்டேன்.

முன்பதிவு எப்போது திறக்கும்?

60 நாட்களுக்கு முன்னால். 2020க்கு முன்பு இது 180 நாட்களாக இருந்தது. ஆறு மாதம் முன்பே எந்த நாள் எங்கே பசிக்கும் என்று முடிவு செய்ய வேண்டிய அந்தக் கொடுமை இப்போது இல்லை. ஆனால் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு "நாங்கள் ஏற்கனவே தாமதமாகிவிட்டோம்" என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், 60 நாள்தான் கணக்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்கள், ஹோட்டலுக்கு வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, அந்த ஒரே நாளில் தங்கல் முழுவதற்கும் (10 நாள் வரை) சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். வெளியே தங்குபவர்கள் ஒவ்வொரு நாள் சாப்பாட்டுக்கும் தனித்தனியாக 60 நாள் எண்ண வேண்டும். உதாரணமாக டிசம்பர் 20 அன்று டிஸ்னி ஹோட்டலுக்கு வந்து சேர்கிறீர்கள் என்றால் அக்டோபர் 21 காலையிலேயே டிசம்பர் 24 இரவுச் சாப்பாட்டையும் பிடித்துவிடலாம். வெளியே தங்குபவருக்கு அதே டிசம்பர் 24 அக்டோபர் 25 அன்றுதான் திறக்கும், அதற்குள் நல்ல நேரங்கள் பல போயிருக்கும்.

இதிலிருந்தே டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு யோசனை பிறக்கிறது. கிடைக்கவே கிடைக்காது என்று எல்லோரும் சொல்லும் உணவகத்தைப் பயணத்தின் முதல் நாளில் தேடாதீர்கள், கடைசி நாட்களில் தேடுங்கள். அந்த நாட்கள் உங்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் வேறு பலருக்கு இன்னும் திறந்திருக்காது.

பதிவு செய்ய எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?

டிஸ்னியின் இணையதளத்திலும் ஆப்பிலும் அமெரிக்க கிழக்கு நேரப்படி காலை 6 மணி. தொலைபேசியில் 7 மணி, அதாவது போன் செய்து பதிவு செய்யலாம் என்று காத்திருப்பவர் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடுகிறார். இந்தியா, இலங்கையிலிருந்து பதிவு செய்பவர்களுக்கு இது பிற்பகல் 3.30, அமெரிக்காவில் குளிர்கால நேரம் இருக்கும் மாதங்களில் 4.30. நவம்பர் முதல் ஞாயிறும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நேரம் மாறும் நாட்கள், உங்கள் 60ஆம் நாள் அவற்றை ஒட்டி வந்தால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

அந்தக் காலையில் சரியாக என்ன செய்தீர்கள்?

முந்தின இரவே மூன்று வேலைகளை முடித்தேன். டிஸ்னி கணக்கில் உள்ளே நுழைந்து கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். கிரெடிட் கார்டைச் சேமித்து வைத்தேன், ஏனென்றால் பெரும்பாலான உணவகங்களில் கார்டு எண் கொடுக்காமல் பதிவு முடியாது. அப்புறம் ஒரு தாளில் உணவகம், நாள், நேரம், அது இல்லையென்றால் எது என்று வரிசையாக எழுதி மேஜையில் வைத்தேன். இந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

5.50க்கு எழுந்து சமையலறை மேஜையில் மடிக்கணினியும் பக்கத்தில் போனும் வைத்து உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோரும் தூக்கம். 6 மணி ஆனதும் வரிசையில் முதலில் எழுதியிருந்த உணவகத்தைத் தட்டினேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கையெல்லாம் வியர்த்துவிட்டது. ஏழு பேருக்கு ஒரு நேரமும் இல்லை என்று வந்தது. அந்த நொடியில் மனம் அப்படியே வெறுமையாகிவிடும், எதைத் தேடுவது என்றே தோன்றாது. தாளைப் பார்த்தேன், அதே உணவகம், இரண்டு நாள் தள்ளி. காலை 8.20க்கு ஓர் இடம் இருந்தது. யோசிக்காமல் எடுத்தேன். மொத்தம் பதினைந்து நிமிடத்தில் மூன்று பதிவுகள் முடிந்தன. யோசிக்கும் வேலையை எல்லாம் முந்தின நாளே செய்துவிடுங்கள், காலை 6 மணிக்கு விரலுக்கு மட்டும்தான் வேலை இருக்க வேண்டும்.

எத்தனை உணவகங்கள் பதிவு செய்வது நல்லது?

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: ஐந்து நாள் பயணத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. தினமும் இரண்டு வேளை உட்கார்ந்து சாப்பிடப் பதிவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கதாபாத்திர உணவகத்தில் சாப்பிட்டு எழ ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், போய்வரும் நேரம் தனி. சவாரிகளுக்கு லைட்னிங் லேன் (காசு கொடுத்து நேரம் குறித்துக்கொண்டு, நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வழி) வாங்கியிருந்தால் அதன் நேரங்களும் குறுக்கே வரும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு அது 7 நாள் முன்பும் மற்றவர்களுக்கு 3 நாள் முன்பும்தான் திறக்கும். அதனால் சாப்பாட்டு நேரம் முதலில் உறுதியாகிவிடுகிறது, சவாரிகள் அதைச் சுற்றி ஓட வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் "உனக்கு எது கிடைக்காமல் போனால் நிஜமாகவே வருத்தமாக இருக்கும்?" என்று கேளுங்கள். "எது பிடிக்கும்?" என்று கேட்டால் பத்துப் பெயர் வரும். வருத்தம் எதில் என்று கேட்டால் ஒன்றோ இரண்டோ வரும். தங்கை மகள் "மிக்கி என் பக்கத்தில் வந்து நிற்கணும்" என்றாள், எந்த உணவகம் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மாவுக்கு விலங்குகளைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பட்டியல்.

உண்மையிலேயே கிடைப்பது கடினமானவை எவை?

மேஜிக் கிங்டமில் கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள். எப்காட்டில் ஸ்பேஸ் 220, பூமிக்கு 220 மைல் மேலே இருக்கும் விண்வெளி நிலையத்துக்கு மின்தூக்கியில் ஏறிப் போவது போன்ற அமைப்பு, 2021 செப்டம்பரில் திறந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்டார் வார்ஸ் பகுதியில் இருக்கும் ஓகாஸ் கான்டீனா. ரிவியெரா ஹோட்டலின் மேல்மாடியில் டோபோலினோஸ் டெரஸ் காலை உணவு, பாலினீசியன் ஹோட்டலில் ஒஹானா. இவற்றில் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் கவலையில் பெரும்பங்கு தேவையில்லாதது.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்குப் போக அன்றைக்குப் பூங்கா டிக்கெட் வேண்டும், ஹோட்டலில் இருக்கும் உணவகத்துக்கு வேண்டாம். அதனால் வந்து சேரும் நாளிலோ ஓய்வெடுக்கும் நாளிலோ ஹோட்டல் உணவகத்தை வைத்துக்கொண்டால் டிக்கெட்டில் ஒரு நாள் மிச்சம். மோனோரயில் உள்ளேயே ஓடும் கன்டெம்பரரி ஹோட்டலில் ஷெஃப் மிக்கீஸ் பஃபே இருக்கிறது, மிக்கி வருவார். கோட்டைக்குள் இடம் கிடைக்கவில்லை என்று அழ வேண்டியதில்லை. அம்மா கேட்ட விலங்குகள் அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றன. அதற்கும் பூங்கா டிக்கெட் தேவையில்லை. வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், இருட்டிவிட்டால் விலங்கு தெரியாது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று நடந்து போனபோது அம்மா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

60ஆம் நாள் தேடினேன், எதுவுமே கிடைக்கவில்லை. இனி அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. என்னிடம் மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான், கேட்கும்போதே குரல் உடைந்திருக்கும். பதிவு திறந்த முதல் நாள் காலையில் பிடித்தவர்களில் பலர் ஆசையில் நாலைந்து இடங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள், பிறகு ஒவ்வொன்றாக விடுவார்கள். எப்போது விடுவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

டிஸ்னியின் விடுமுறைத் தொகுப்பு வாங்கியவர்கள் பயணத்துக்கு 30 நாள் முன்பு முழுப் பணமும் கட்ட வேண்டும். பயணத்தையே கைவிடுபவர்கள் அந்தச் சமயத்தில் கைவிடுவார்கள். அடுத்தது பயணத்துக்கு முந்தைய ஒரு வாரம், அப்போதுதான் சவாரி நேரங்கள் உறுதியாகித் திட்டங்கள் மாறும். கடைசியாக முந்தின இரவும் அன்றைய காலையும். பெரும்பாலான உணவகங்களில் 2 மணி நேரம் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம், அதனால் மதியச் சாப்பாட்டு இடங்கள் அன்று காலை 9, 10 மணிக்குக்கூட ஆப்பில் தலைகாட்டும்.

தேடும்போது ஒரே நேரத்தைப் போட்டுத் தேடாதீர்கள். காலை முழுவதும், மதியம் முழுவதும் என்று தேடுங்கள். காலை 10.30, பிற்பகல் 3 மணி போன்ற நேரங்களை வேண்டாம் என்று தள்ளாதீர்கள், கூட்டமும் குறைவு. ஏதாவது இடம் காலியானால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும் தளங்களும் உண்டு, அவை உதவும். ஆனால் பிடித்து வைத்த டேபிளைக் காசுக்கு விற்கிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள், அந்தப் பதிவு உங்கள் பெயரில் இருக்காது.

அன்றைக்குப் பூங்காவிலேயே இருக்கும்போது ஆப்பில் வாக்-அப் வெயிட்லிஸ்ட் என்று ஒன்று வரும். உணவகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதில் பெயர் சேர்த்தால் டேபிள் தயாரானதும் செய்தி வரும். எல்லா நேரமும் திறந்திருக்காது, திறந்து மூடி, மறுபடி திறக்கும். இரண்டு பேர் மட்டும் போகிறவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஏழு பேருக்குக் கடினம்.

போக முடியாவிட்டால் என்ன ஆகும்?

சொல்லாமல் போகாவிட்டால் பெரும்பாலான உணவகங்களில் ஆளுக்கு 10 டாலர் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எங்களைப் போல ஏழு பேர் என்றால் 70 டாலர். ஹூப்-டீ-டூ மியூசிக்கல் ரெவ்யூ போன்ற இரவு விருந்து நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே முழுப் பணமும் கட்ட வேண்டும், ரத்து செய்யும் கெடுவும் வேறு. பதிவு செய்யும்போது அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரியைப் படித்துவிடுங்கள். வேண்டாம் என்று தெரிந்த நிமிடமே ரத்து செய்யுங்கள், அந்த இடத்துக்காக இன்னொரு வீட்டில் யாரோ போனைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

குழந்தைகளை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும். விலை வேறு கணக்கு: பஃபேயிலும் பரிமாறும் விருந்திலும் 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, 3 முதல் 9 வரை குழந்தை விலை, 10 வயதிலிருந்து பெரியவர் விலை. ஒன்பது வயது முடியப்போகும் பிள்ளை இருந்தால் பிறந்தநாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கடைசியில் தொகை கூடிவிடுகிறது என்கிறார்களே?

ஆம். மெனுவில் இருக்கும் விலைக்கு மேல் வரி உண்டு, அதற்கு மேல் டிப்ஸ். 6 பேருக்கு மேற்பட்ட குழுவுக்கு மட்டுமல்ல, சரியாக 6 பேர் என்றாலும் 18 சதவீதம் தானாகவே பில்லில் சேர்ந்து வரும். பார்க்காமல் மறுபடியும் டிப்ஸ் எழுதிவிடுவார்கள் பலர்.

ஏழு, எட்டு, பத்துப் பேருக்கு ஒரே டேபிள் கிடைக்குமா?

முதலில் மொத்த எண்ணிக்கையைப் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் நான்கும் மூன்றுமாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து நேரங்களில் எடுங்கள். போய்ச் சேர்ந்ததும் வாசலில் இருப்பவரிடம் இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னால் முடிந்தால் அருகருகே உட்கார வைப்பார்கள். உறுதி கிடையாது. அதனால் பிரிக்கும்போதே எந்தப் பெரியவரோடு எந்தக் குழந்தை என்று யோசித்துப் பிரியுங்கள், கதாபாத்திரம் வரும் உணவகத்தில் ஒரு டேபிளில் எல்லாக் குழந்தைகளும் இன்னொன்றில் பாட்டி தாத்தா மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

சைவம், ஒவ்வாமை எல்லாம் பார்த்துக்கொள்வார்களா?

இதில் அவர்கள் நன்றாகவே கவனிப்பார்கள். பதிவு செய்யும்போதே ஒவ்வாமையைக் குறிப்பிட ஓர் இடம் இருக்கும், அங்கே போனதும் பரிமாறுபவரிடம் மறுபடி சொல்லுங்கள், ஒவ்வாமைக்கென்று தனி மெனுவும் உண்டு. எதுவும் ஒத்துவராத குழந்தை இருந்தால் இன்னொரு செய்தி: பூங்காவுக்குள் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது.

வீட்டில் எல்லோரும் எனக்கே விட்டுவிட்டார்கள், அப்புறம் குறையும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த வேலை பத்து நிமிட வேலை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த நாள் எந்தப் பூங்கா, எது எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது பசிக்கும், குழந்தை எப்போது தூங்கும் என்று இத்தனையும் ஒரே தலைக்குள் ஓட வேண்டியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நான் செய்தது இது: குடும்பக் குழுவில் மூன்று உணவகங்களின் மெனுவை அனுப்பி, ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள், சொல்லாதவர்கள் எது கிடைத்தாலும் சரி என்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதினேன். தங்கை கணவர் மட்டும்தான் பதில் போட்டார். ஆனால் அங்கே போன பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை. முடிந்தால் ரத்து ஆகும் இடங்களைத் தேடும் வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள், அதற்கு ஒரு போன் போதும்.

ஒன்றுமே பதிவு செய்யாமல் போனால் பட்டினியா?

கிடையாது. கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்கள் எல்லாப் பூங்காக்களிலும் நிறைய, ஆப்பிலேயே மொபைல் ஆர்டர் செய்யலாம். அனிமல் கிங்டமில் சட்டுலி கேன்டீன், மேஜிக் கிங்டமில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் இரண்டும் எங்களுக்குப் பிடித்தன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மொபைல் ஆர்டரிலும் நேர இடைவெளியைத் தேர்வு செய்ய வேண்டும், 12.30க்குப் பசித்த பிறகு திறந்தால் 1.30தான் காட்டும். காலை 10 மணிக்கே மதியத்துக்கான நேரத்தைத் தேர்ந்து வைத்துவிடுங்கள், இடத்துக்குப் போனதும் வந்துவிட்டோம் என்று ஆப்பில் தட்டினால் சமைக்கத் தொடங்குவார்கள். எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன, அங்கே ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நடந்தபடியே ஒரு மாலையை ஓட்டிவிடலாம். கவுன்ட்டர்களில் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், ஃப்ளோரிடா வெயிலில் அது பெரிய விஷயம்.

டேபிள் நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டால்?

எங்களுக்கு இது நடந்தது. மூன்றாம் நாள், மாலை 6 மணிக்கு டேபிள். 3.30க்கே தங்கை மகளுக்குக் கண் சொருகத் தொடங்கிவிட்டது, கையில் பாதி உருகிய ஐஸ்கிரீம், கன்னமெல்லாம் பிசுபிசுப்பு. எழுப்பி வைத்திருக்கலாம் என்று தங்கை சொன்னாள், ஏனென்றால் அந்த இடம் கிடைக்க நான் எவ்வளவு தேடினேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் மனசே வரவில்லை. ரத்து செய்ய 4 மணி வரை நேரம் இருந்தது. 3.50க்கு ஆப்பைத் திறந்து ரத்து செய்தேன், பேருந்து பிடித்து அறைக்கு வந்தோம். அவள் 7 மணிக்கு எழுந்து, அம்மா நறுக்கிக் கொடுத்த ஆப்பிளையும் ரொட்டியையும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை மிக்கியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த 8.20 டேபிள் பத்திரமாக இருந்தது.

ஆக, சின்னக் குழந்தை இருந்தால் மிக முக்கியமான உணவகத்தைக் காலை வேளையில் வையுங்கள், இரவு டேபிளை 5 மணிக்கு முன்னாலேயே போடுங்கள். ஆப்பில் ரத்து செய்யும் இடம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்து வையுங்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தேடுவது கஷ்டம்.